கட்டடக் கலைஞர் பதிவைப் புதுப்பித்தலும் தொழில் ஒழுங்கு விதிகளும்: ஒரு நடைமுறை வழிகாட்டி

இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் உரிமை கல்லூரி தரும் பி.ஆர்க். பட்டத்தால் மட்டும் வந்துவிடுவதில்லை. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் எனப்படும் கட்டடக்கலை மன்றம் பராமரிக்கும் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அந்த உரிமை உண்டு. சட்டத்தின் 2ஆம் பிரிவு, அப்போதைக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரையே கட்டடக் கலைஞர் என்கிறது. இருபது ஆண்டு அனுபவம் இருந்தாலும், பத்து மாடிக் கட்டடங்களை எழுப்பியிருந்தாலும், கட்டணம் கட்டாமல் பெயர் நீக்கப்பட்டிருந்தால் அந்த நாளில் அவர் சட்டத்தின் பார்வையில் கட்டடக் கலைஞர் அல்லர். புதுப்பித்தலை ஒரு குமாஸ்தா வேலையாக நினைத்து ஒத்திப்போடுகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

தமிழ்நாட்டில் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கும் இளம் கட்டடக் கலைஞர்களையும், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சிறு அலுவலகம் நடத்துகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும் நில அளவையாளர்களுக்கும் பொருந்தும் செய்திகளை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பதிவு எப்போது காலாவதியாகிறது

புதுப்பித்தலைப் பற்றிப் பேசுவது சட்டத்தின் 27ஆம் பிரிவு. முதன்முதலாகப் பெயர் பதிவான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 31 வரை புதுப்பிப்புக் கட்டணம் தேவையில்லை. அதன் பிறகு பெயர் பதிவேட்டில் நீடிக்க ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். எந்த ஆண்டுக்கான கட்டணமோ அந்த ஆண்டின் ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பாக அதைச் செலுத்திவிட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒருவர் 2024 ஜூன் மாதம் பதிவு செய்துகொண்டார் என்றால், 2025 டிசம்பர் 31 வரை அவருக்குக் கவலை இல்லை. 2026ஆம் ஆண்டுக்கான கட்டணத்தை அவர் 2026 ஏப்ரல் 1க்கு முன்பாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டணத் தொகை அவ்வப்போது மாற்றி அறிவிக்கப்படுவதால், நண்பர் சென்ற ஆண்டு கட்டிய தொகையை நம்பாமல் மன்றத்தின் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் வரும் மூன்று மாதங்களைச் சலுகைக் காலம் என்று சிலர் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சட்டப்படி அதில் தவறு காண முடியாதுதான். ஆனால் நடைமுறையில், கையில் இருக்கும் சான்றிதழில் டிசம்பர் 31 என்று அச்சாகியிருக்க, பிப்ரவரியில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்தால், கோப்பைப் பார்க்கும் அலுவலர் 27ஆம் பிரிவை எடுத்துப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். தேதி முடிந்துவிட்டது என்று கோப்பைத் திருப்பி அனுப்புவார். வாடிக்கையாளரின் வீட்டுக் கடன், வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதி, கிரகப்பிரவேசத்துக்குப் பார்த்து வைத்த முகூர்த்தம் எல்லாம் அந்த ஒரு திருப்பத்தில் தள்ளிப்போகும். ஆகவே நவம்பர் மாதத்திலேயே புதுப்பித்தலை முடித்துவிடுவதை அலுவலக வழக்கமாக வைத்துக்கொள்வதே நல்லது. நினைவூட்டும் மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பலருடைய பதிவில் இருப்பது கல்லூரிக் காலத்தில் தொடங்கிய மின்னஞ்சலும் எப்போதோ கைவிட்ட கைபேசி எண்ணும்தான்.

கட்டணம் குறித்த நாளுக்குள் வராவிட்டால் பதிவாளர் பெயரை நீக்குவார் என்று சட்டம் கட்டளையாகவே சொல்கிறது. அப்படி நீக்கப்பட்ட பெயரை விதிகளில் சொல்லப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கான விதிகள் 1973ஆம் ஆண்டின் கட்டடக்கலை மன்ற விதிகளில் இருக்கின்றன. கட்டணம் தவறி நீங்கிய பெயரை மீட்பது ஒருவகை. வேறு காரணங்களுக்காக மன்றத்தின் ஆணையால் நீக்கப்பட்ட பெயரை மீட்பது 32ஆம் பிரிவின் கீழ் வரும் வேறுவகை. அதற்கு மன்றம் காரணங்களை ஏற்க வேண்டும், மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். முதல் வகை பணத்தோடும் விண்ணப்பத்தோடும் முடிந்துவிடும். ஆனால் பெயர் நீங்கியிருந்த நாள்களில் நீங்கள் கையெழுத்திட்ட வரைபடங்களின் கதி என்ன என்பதுதான் கடினமான கேள்வி. பின்னால் மீட்டுக்கொண்டதால், நடுவில் போட்ட கையெழுத்துக்கு உயிர் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் வழக்குப் போட்டாலோ, வீட்டை வாங்க வருகிறவரின் வழக்கறிஞர் ஆவணங்களைத் துருவினாலோ, வரைபடத்தின் தேதியையும் உங்கள் பதிவின் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்படி ஓர் இடைவெளி நேர்ந்துவிட்டால், பதிவு மீண்ட உடனே அந்தக் காலத்து வரைபடங்களைப் பட்டியலிட்டு, வாடிக்கையாளருக்கும் அனுமதி வழங்கிய அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, தேவையானவற்றை மறுபடி கையெழுத்திட்டுக் கொடுப்பதே முறை.

புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை

புதுப்பித்தல் மன்றத்தின் இணையதளத்திலேயே நடக்கிறது. உங்கள் பதிவு எண், சிஏ என்ற எழுத்துகளுக்குப் பின் பதிவான ஆண்டும் அதற்குப் பின் வரிசை எண்ணும் கொண்டது. அந்த எண்ணைக் கொண்டு உள்ளே சென்றதும் நேராகக் கட்டணப் பக்கத்துக்கு ஓடாமல், உங்களைப் பற்றிய ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல், புகைப்படம், கையொப்பம் ஆகியவை இன்றைய நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எம்.ஆர்க். போன்ற மேற்படிப்பு முடித்திருந்தால் 28ஆம் பிரிவின்படி கூடுதல் தகுதியைப் பதிவில் சேர்க்கக் கோரலாம். இதைப் பலர் விட்டுவிட்டு, ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் பதறுகிறார்கள்.

தமிழ்நாட்டவருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அது முன்னெழுத்து. எடுத்துக்காட்டாக, பட்டச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’ என்று இருக்கும். ஆதாரில் தந்தை பெயரை விரித்துக் ‘கவிதா சண்முகம்’ என்று ஏற்றியிருப்பார்கள். திருமணத்துக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு இருக்கும். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் முத்திரையில் வெறும் ‘கவிதா’ என்று இருக்கும். இவை நான்கும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்குத் தெரியும்; கணினிக்குத் தெரியாது. கணினியில் கையெழுத்திடப் பயன்படும் மின்கையொப்பச் சாவி வாங்கும்போதும், வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலில் சேரும்போதும், அரசுத் தளங்களில் தொழில்முறையாளராகப் பதியும்போதும் இந்த வேறுபாடு வந்து நிற்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரை அச்சு அசலாக முத்திரையிலும் மின்கையொப்பத்திலும் பயன்படுத்துங்கள். பெயரை மாற்றிக்கொள்ள விரும்பினால், அரசிதழ் அறிவிப்பு போன்ற ஆவணங்களோடு மன்றத்துப் பதிவில் மாற்றம் செய்த பிறகே மற்ற இடங்களில் மாற்றுங்கள். வரிசை தலைகீழானால் ஓராண்டு அலைச்சல் உறுதி.

கட்டணம் செலுத்தியதும் ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். புதிய செல்லுபடித் தேதி சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்றும், மன்றத்தின் பொதுத் தேடல் பக்கத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் பெயர் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். வாடிக்கையாளர்களும் அதே பக்கத்தில்தான் உங்களைச் சரிபார்க்கிறார்கள். அசல் சான்றிதழ் தொலைந்திருந்தால் 33ஆம் பிரிவின்படி நகல் சான்றிதழ் பெறலாம்.

பெரும்பாலோர் தவறவிடுவது இதற்கு அடுத்த படி. மன்றத்தில் பதிவு புதுப்பிக்கப்பட்டுவிட்டதால் மற்ற இடங்களில் தானாகவே மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), மாநகராட்சி, ஒற்றைச் சாளர இணையதளம், வங்கிகள் என்று எங்கெல்லாம் உங்கள் பழைய சான்றிதழின் நகல் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் புதியதைச் சேர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. இதற்கென்று ஒரே ஒரு தாளில், எந்த அலுவலகத்தில் எந்த எண்ணில் பதிந்திருக்கிறோம், எது எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியாளர்களும் பதிவும்

கட்டடக் கலைஞர்களுக்கு இருப்பதுபோல் நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் பொறியாளர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் அவர்களுடைய பதிவு, 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ், திட்டமிடும் அமைப்புகளிடமும் உள்ளாட்சி அமைப்புகளிடமும் நடக்கிறது. கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொறுப்பை அந்த விதிகள் வகுத்திருக்கின்றன. தகுதியும் காலமும் வகைக்கு வகை மாறும் என்பதால், கூட்டாக வேலையை எடுக்கும் அலுவலகம் தன்னுடைய பதிவை மட்டும் பார்த்தால் போதாது. விண்ணப்பத்தைப் பதிவேற்றும் நாளில் கட்டமைப்புப் பொறியாளரின் பதிவும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். குறிப்பாக 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டி உயர்மாடிக் கட்டட வகைக்குள் போகும் வேலைகளில் இந்தச் சரிபார்ப்பை முதல் கூட்டத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பெயர்ப் பலகைகளில் எல்லை மீறுவதும் இங்கேதான் நடக்கிறது. சட்டத்தின் 37ஆம் பிரிவு, பதிவு பெற்ற கட்டடக் கலைஞரும் அத்தகையோரின் கூட்டு நிறுவனமும் தவிர வேறு யாரும் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கப்பல் வடிவமைப்பாளர்களுக்கும் நிலக்காட்சி வடிவமைப்பாளர்களுக்கும் விதிவிலக்கு உண்டு. பங்குதாரர்கள் எல்லாரும் பதிவு பெற்றவர்களாக இருக்கும் கூட்டு நிறுவனமே அந்தப் பெயரைச் சூடலாம் என்பது மன்றத்தின் நிலைப்பாடு. ஆகவே பொறியாளர் நண்பரோடு சேர்ந்து தொழில் தொடங்கும்போது நிறுவனத்தின் பெயரிலேயே ஆர்க்கிடெக்ட்ஸ் என்று வைத்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். வெளிநாட்டில் தொழில் செய்யும் ஒருவர் இங்கே ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு ஆலோசகராக வர வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

சட்டம் காப்பது பட்டப் பெயரைத்தான். வடிவமைக்கும் வேலையை அல்ல. கட்டடக்கலை மன்றத்துக்கும் முகேஷ் கோயலுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் மாதம் இதைத் தெளிவாக்கியது. பதிவு இல்லாதவர் அந்தப் பெயரைச் சூட முடியாது, அந்தப் பெயர் கொண்ட பதவியிலும் இருக்க முடியாது. ஆனால் கட்டடக்கலை சார்ந்த வேலைகளைச் செய்வதையே 37ஆம் பிரிவு தடுக்கவில்லை என்பது தீர்ப்பு. பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. என் பார்வையில், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தொழில் ஒழுங்கு விதிகளின் எடை கூடியிருக்கிறது. வரைபடம் போடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும்போது, பதிவு பெற்றவரிடம் மக்கள் வருவதற்கு ஒரே காரணம், அவர் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர், தவறினால் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கைதான்.

நிலத்தை அளப்பதில் எல்லை

வடிவமைப்பின் முதல் கோடு நிலத்தின் எல்லைக் கோடு. அங்கே பிழை இருந்தால் பின்னால் வரும் எந்தத் திறமையும் அதைச் சரிசெய்யாது. பட்டா, மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசின் புல வரைபடம், பத்திரம், தரையில் இருக்கும் சுற்றுச்சுவர் ஆகிய நான்கும் ஒத்துப்போகும் மனை தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. புல வரைபடத்தைக் கையில் எடுத்ததும் அளவு எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வரைபடங்களில் அளவு சங்கிலிக் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலி ஒன்றுக்கு 100 கண்ணிகள், ஆகவே ஒரு கண்ணி 0.66 அடி. பிற்காலத்தவை மீட்டரில் இருக்கும். பத்திரத்திலோ அடியிலும் சென்ட்டிலும் எழுதியிருப்பார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, சென்னையில் பேசப்படும் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இந்த மாற்றங்களைச் செய்யும்போது வரும் வேறுபாடு அரை அடியாகத் தெரியும்; பக்கத் திறவிடத்தை, அதாவது கட்டடத்தின் பக்கவாட்டில் எல்லை வரை விட வேண்டிய காலி இடத்தை, கணக்கிடும்போது அந்த அரை அடியே அனுமதிக்கும் மறுப்புக்கும் நடுவில் நிற்கும்.

தனியார் அளவையாளர் டோட்டல் ஸ்டேஷன் கருவியாலோ செயற்கைக்கோள் கருவியாலோ எடுத்துத் தரும் வரைபடம் மில்லிமீட்டர் வரை துல்லியமாக இருக்கலாம். ஆனால் அது சொல்வது, தரையில் இன்று சுவர் எங்கே இருக்கிறது என்பதைத்தான். எல்லை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்துப் பதிவு செய்யும் அதிகாரம், 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, அரசின் நில அளவை அலுவலருக்கே உண்டு. அவருடைய முடிவின் மேல் முறையீடு செய்யவும், பிறகு உரிமையியல் நீதிமன்றம் செல்லவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. கட்டடக் கலைஞரோ தனியார் அளவையாளரோ, இதுதான் உங்கள் எல்லை என்று சான்று எழுதிக் கொடுப்பது தன் அதிகாரத்துக்கு வெளியே காலை வைப்பதாகும். இன்ன தேதியில் இன்ன நிலையில் தரையில் கண்ட அளவு இது, புல வரைபடத்தின்படி இருக்க வேண்டிய அளவு இது, வேறுபாடு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வேறுபாடு இருந்தால் அரசு அளவைக்கு விண்ணப்பிக்கும்படி வாடிக்கையாளருக்கு எழுத்தில் சொல்லிவிட்டு, கல் நட்ட பிறகே வரைபடத்தை இறுதி செய்யுங்கள்.

இலங்கையில் இந்த ஏற்பாடு வேறு. அங்கே 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் நில அளவைப் பேரவையை அமைத்து, தொழில் செய்யும் அளவையாளர் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும் என்று வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பூர்விகக் காணி வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டு வழக்கத்தை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அளவையாளரின் அந்த ஆண்டு உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள்.

தொழில் ஒழுங்கு விதிகளை நடைமுறையில் காப்பது

1989ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் தொழில் ஒழுங்கு விதிமுறைகள் சில பக்கங்களே கொண்டவை. ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். இவற்றை மீறுவது தொழில்முறைத் தவறாகக் கருதப்படும் என்பதால் படிக்காமல் இருப்பதற்குச் சாக்கு இல்லை.

முதலாவது, ஒப்பந்தம். வேலை நிபந்தனைகளையும் கட்டண முறையையும் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, அவற்றின் அடிப்படையிலேயே நியமனம் என்று உடன்பாடு செய்துகொள்ள வேண்டும் என்கிறது விதி. நம் ஊரில் தெரிந்தவர், சொந்தக்காரர், சொந்தக்காரரின் சம்பந்தி என்றே முதல் வேலைகள் வருகின்றன. மாமா வீட்டுக்கு ஒப்பந்தம் நீட்டுவதா என்று கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு, “படம் போட்டதுக்கா இவ்வளவு?” என்ற கேள்வியைச் சந்திக்கிறார்கள். உறவினருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: என்னென்ன வரைபடங்கள் தருவேன், எத்தனை முறை மாற்றித் தருவேன், தளத்துக்கு எப்போதெல்லாம் வருவேன், எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்டணம், வேலை நடுவில் நின்றால் என்ன கணக்கு என்று எழுதி, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். மன்றத்தின் வேலை நிபந்தனைகள், நியமனத்தின்போது வாங்கும் முன்பணத்தில் தொடங்கி, கருத்து வடிவமைப்பு முதல் பணி நிறைவு வரை கட்டம் கட்டமாகக் கட்டணத்தைப் பிரித்திருக்கின்றன. அந்தப் பிரிவையே சிறு வேலைக்குச் சுருக்கிக்கொள்ளலாம். எடுத்த வேலையை வாடிக்கையாளரின் முன் சம்மதம் இல்லாமல் இன்னொரு கட்டடக் கலைஞரிடம் உள்குத்தகைக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் விதி. முப்பரிமாணப் படங்களை வெளியே கொடுத்து வாங்குவதும் முழு வடிவமைப்பையே கைமாற்றுவதும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டையும் ஒப்பந்தத்தில் சொல்லிவிடுவது நல்லது. வடிவமைப்பின் பதிப்புரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கட்டடக் கலைப் படைப்பைக் கலைப் படைப்பாகவே ஏற்கிறது. அதே வரைபடத்தைக் கொண்டு இரண்டாவது மனையில் இன்னொரு வீடு கட்ட வேண்டுமானால் உங்கள் அனுமதி வேண்டும் என்ற வரியைக் கடிதத்தில் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தரகு. வேலையையோ வாடிக்கையாளரையோ அறிமுகப்படுத்துவதற்காகத் தள்ளுபடி, தரகு, அன்பளிப்பு எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. டைல்ஸ் கடையிலும் மின்சாதனக் கடையிலும் ஆர்க்கிடெக்டுக்கென்று ஒரு விழுக்காடு ஒதுக்கி வைப்பது ஊரறிந்த வழக்கம். எல்லாரும் வாங்குகிறார்களே என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் கடைக்காரரின் பையிலிருந்து வருவதில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூட்டி வைத்து வாடிக்கையாளரிடமே வாங்கப்படுகிறது. அவருடைய பணத்தைக் காக்க அவரிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் அதைக் கூட்டி வைப்பதில் பங்கு வாங்குவது எந்த விதத்திலும் நியாயம் ஆகாது. கடைக்காரர் தரும் தள்ளுபடி முழுவதும் வாடிக்கையாளரின் ரசீதிலேயே கழிக்கப்பட வேண்டும் என்று முதல் நாளே இருவர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். கட்டணம் போதவில்லை என்றால் கட்டணத்தை உயர்த்திக் கேளுங்கள்.

மூன்றாவது, இன்னொருவர் கையில் இருக்கும் வேலை. பாதியில் நிற்கும் வீட்டோடு ஒருவர் வந்து, பழைய ஆர்க்கிடெக்ட் சரியில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். முந்தையவரின் நியமனம் முடிவுக்கு வந்துவிட்டது என்பதற்குச் சான்று கிடைக்கும் வரையும், அவருக்கு நீங்கள் எழுத்து மூலம் தெரிவிக்கும் வரையும் அந்த வேலையை ஏற்கக் கூடாது. வாடிக்கையாளர் அவருக்கு அனுப்பிய முடிவுக் கடிதத்தின் நகலை வாங்குங்கள். நிலுவைக் கட்டணம் தீர்ந்ததா என்று கேளுங்கள். பிறகு நீங்களே அவருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். நல்ல வார்த்தையில் எழுதினால், அடித்தள விவரத்தையும் மண் பரிசோதனை அறிக்கையையும் அவரே கொடுத்துவிடுவார். அனுமதி வழங்கிய அலுவலகத்திலும் தொழில்முறையாளர் மாறியதைப் பதிவு செய்தாக வேண்டும். பழையவரின் பெயரில் அனுமதி இருக்க, புதியவர் தளத்தை மேற்பார்வையிட்டால், விபத்து நேரும் நாளில் இருவருமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விளம்பரம் பற்றிய விதிகள் இன்றைய தலைமுறைக்குக் கடுமையாகத் தெரியலாம். தொழில் சேவையை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது பொது விதி. விதிவிலக்குகள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. அலுவலகத்துக்கு வெளியிலும், நீங்கள் வடிவமைத்த கட்டடத்திலும் பெயரை வைக்கலாம், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் வேலையைப் பற்றிய படங்களும் விவரங்களும் ஊடகத்தில் பெயரோடு வரலாம், அதற்காகப் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், முடித்த வீட்டின் படங்களைச் சமூக ஊடகத்தில் பகிர்வது ஒன்று, பணம் கட்டி அதைப் பரப்புவது வேறொன்று. இரண்டாவதை விதியோடு ஒத்துப்போகச் செய்வது கடினம் என்பதே என் கருத்து.

கையெழுத்தை வாடகைக்கு விடுவது பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். யாரோ வரைந்த வரைபடத்தில், மனையைப் பார்க்காமல், ஒரு தாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு முத்திரை குத்தித் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மின்கையொப்பம் வந்த பிறகு சாவியையும் கடவுச்சொல்லையும் வரைவாளரிடமே கொடுத்துவைக்கும் அளவுக்கு இது போயிருக்கிறது. நேர்மை, உயர்ந்த தரத்தில் சேவை, பொதுமக்களின் நம்பிக்கையைக் குலைக்காமை என்று விதிமுறைகள் கேட்கும் மூன்றையும் இந்த ஒரே செயல் மீறுகிறது. மாடிப்படியின் தலை உயரம் ஆறடி கூட இல்லாத வீடும், கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்குப் பக்கத்திலேயே அமைந்த வீடும் இப்படித்தான் கட்டப்படுகின்றன. அங்கே குடியிருக்கப்போகும் குடும்பத்துக்கு, வரைபடத்தில் கையெழுத்திட்டவர் அந்தத் தெருவுக்கே வந்ததில்லை என்பது தெரியாது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் சிறு வீடுகளுக்கு உரிமையாளரின் உறுதிமொழியின் பேரில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் சரிபார்ப்பார் என்ற இடம் அங்கே சுருங்கிவிட்டதால், வரைகிறவரின் கவனமே கடைசிக் கவனம். மின்கையொப்பச் சாவி உங்கள் பையில் மட்டுமே இருக்க வேண்டும்.

புகார் வந்தால்

கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, புகார் வந்து அதில் முகாந்திரம் இருப்பதாகக் கருதினால் மன்றம் விசாரணை நடத்தலாம். முடிவில் கண்டிக்கலாம், தொழில் செய்வதிலிருந்து இடைநிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். நோட்டீஸ் வந்ததும் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும், கோபத்தில் நான்கு வரி எழுதி அனுப்புவதும் ஒரே அளவு கெடுதல். கெடு தேதிக்குள், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள். அந்த ஆதாரத்தை அன்று தேட முடியாது. வேலை நடந்த நாள்களிலேயே சேர்த்திருக்க வேண்டும். தளத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, வந்த தேதி, பார்த்தது, மேஸ்திரியிடம் சொன்னது, ஒப்பந்ததாரர் கையெழுத்து என்று எழுதி வாருங்கள். “பில்லர் கம்பி நாலு போதும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு” என்று மேஸ்திரி சொன்னால், யார் எப்போது சொன்னது என்று அங்கேயே எழுதிப் பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் பேசி முடித்த மாற்றங்களை அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாக வாடிக்கையாளருக்கு அனுப்பிவையுங்கள். திருத்திய ஒவ்வொரு வரைபடத்திலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்கட்டும். பழைய தாளைத் தளத்திலிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள். ஒப்பந்ததாரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே பில் தகராறு வரும்போது, கட்டணம் தருகிறவர் பக்கம் சாயாமல் நடுநிலையோடு அளந்து சொல்ல வேண்டும் என்பதும் விதிமுறைகளில் ஒன்று. அப்போது உங்களுக்குத் துணை நிற்பதும் இந்தக் குறிப்பேடுதான்.

தொழிலை நிறுத்தும்போது

ஓய்வு பெறுகிறவர்களும், நிரந்தரமாக வேறு துறைக்குப் போகிறவர்களும் கட்டணத்தை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சட்டம் அதற்குச் சீரான வழி வைத்திருக்கிறது: பெயரை நீக்கும்படி நீங்களே மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் நடந்துகொண்டிருக்கும் வேலைகளை, வாடிக்கையாளரின் சம்மதத்தோடு இன்னொரு பதிவு பெற்றவரிடம் ஒப்படைத்து, அந்த மாற்றத்தை அனுமதி அலுவலகத்தில் பதிவு செய்து, ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டு நிறுவனமாக இருந்தால் பங்குதாரர் பத்திரத்தைத் திருத்தி, கடிதத்தாளிலும் பெயர்ப் பலகையிலும் பெயரை எடுத்துவிட வேண்டும். எந்தக் காரணத்தால் பெயர் நீங்கினாலும் அசல் சான்றிதழைத் தாமதமின்றிப் பதிவாளரிடம் திருப்பித் தர வேண்டும். தகுந்த காரணமின்றித் தராவிட்டால் 38ஆம் பிரிவின்படி அபராதம் உண்டு. முத்திரையை உடைத்துவிட்டு, மின்கையொப்பத்தை வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்யுங்கள். முடித்த வீடுகளின் கட்டமைப்பு வரைபடங்களையும் மண் பரிசோதனை அறிக்கைகளையும் மட்டும் அப்புறப்படுத்திவிடாமல், அந்தந்த வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து மேலே ஒரு தளம் எழுப்ப நினைக்கும்போது அடித்தளம் எவ்வளவு தாங்கும் என்று அவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.